மிதக்கிற அரிசி பிளாஸ்டிக் இல்லை

“ரேஷன் அரிசியிலும் பால்வாடி அரிசியிலும் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், ஊறப்போட்டால் மிதக்கிறது” என்று முக்கூடல் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

அந்த மணிகள் செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்து காயவைப்பது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலப்பார்கள். நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும், சில மணிகள் மிதக்கும். வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், சோறாகவே மசியும்.

பீடி சுற்றும் சுளவை (முறத்தை) ஓரமாக வைத்துவிட்டு, ஒரு அக்கா அந்த மணிகளை மட்டும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். பார்க்க மனசு கேட்கவில்லை. ரத்தசோகை உள்ள பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய சத்தே அதில்தான் இருக்கிறது. பொறுக்காதீங்க அக்கா, அப்படியே பொங்குங்க.