டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தால் ஆட்சென்ஸ் பணம் கொட்டுமா?

"டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் இலவசமாகச் சேருங்கள், தினமும் 1000 பேர் உங்கள் தளத்துக்கு வருவார்கள், கூகுளில் மேலே ஏறும், ஆட்சென்ஸ் வருமானமும் கூடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பிச் செய்தால், தளத்தில் விளம்பரம் காட்டுவதற்குப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கே போய்விடலாம்.

முதலில் டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அடுத்தவர் தளத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் உங்களுக்குக் கிரெடிட் சேரும். அந்தக் கிரெடிட்டுக்கு ஈடாக இன்னொருவர் உங்கள் தளத்தைத் திறப்பார். இரண்டு பார்வைக்கு ஒரு பார்வை, ஒவ்வொன்றும் 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 1000 பேர் வர நீங்கள் 2000 பக்கம் பார்க்க வேண்டும். அதற்கே 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி வருகிறவர் கண்ணும் டைமர் மேல்தான் இருக்கும், நீங்கள் எழுதியதன் மேல் இருக்காது. பக்கங்கள் தானாகவே மாறிக்கொண்டிருக்கும் ஆட்டோசர்ஃப் என்றால் திரைக்கு முன்னால் ஆளே இருக்க வேண்டியதில்லை.

கூகுள் தேடலிலும் இதனால் ஏற்றம் கிடைக்காது. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் தெரியும் வருகை எண்ணிக்கையைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

ஆட்சென்ஸ் விஷயம்தான் பெரிய ஆபத்து. ஆட்டோசர்ஃப், கிளிக் எக்ஸ்சேஞ்ச் (ஒருவருக்கொருவர் கிளிக் செய்துகொள்வது) போன்றவற்றை அதன் விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தொகையும் பிடிக்கப்படலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? சரி, பதற வேண்டாம். இன்றே அங்கிருந்து உங்கள் தள முகவரியை நீக்குங்கள். அப்புறம் கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த கட்டுரையை அதை வைத்து எழுதுங்கள்.