ஓய்வுபெறும் பாஸ்டருக்குச் சால்வை போதாது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, பர்கூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்து, சபை கட்டி, நாலைந்து இளைஞர்களை ஊழியத்துக்குப் பழக்கிவிட்ட மூத்த பாஸ்டர்கள் பலர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு நன்றிக்கூட்டம் வைக்கிறோம். பஸ் ஸ்டாண்டு வரை ஃபிளெக்ஸ், மேடை நிறையச் சால்வை, பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்த்துரை, கடைசியில் பிரியாணி. அடுத்த மாதம் ஐயாவின் சர்க்கரை மாத்திரைக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டால் கமிட்டியில் பதில் இல்லை. இது அவரைக் கனம்பண்ணுவது ஆகாது.

இரட்டிப்பான கனம் என்று எல்லா ஃபிளெக்ஸிலும் 1 தீமோத்தேயு 5:17 போடுகிறோம். அடுத்த வசனத்தையும் படியுங்கள். களத்தில் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்பதையும் வேலையாளின் கூலியையும் பற்றித்தான் பேசுகிறது. பவுல் தன்னிடம் ஊழியம் கற்ற தீமோத்தேயுவிடம் கடைசியாகக் கேட்டவை என்ன? துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், தோற்சுருள்கள். அதையும் மாரிகாலத்துக்கு முன்னே வந்து கொடு என்கிறார். வயதான ஊழியக்காரருக்குக் குளிர் தாங்க ஒரு துணியும், தன் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன என்ற நிம்மதியும் வேண்டியிருந்தன. இன்றைக்கும் அந்த இரண்டுதான்.

முதலில் பணம். பெரிய திருச்சபை அமைப்புகளில் இருக்கும் போதகர்களுக்கு ஓய்வு வயது, சேமநல நிதி என்று ஏதோ ஓர் ஏற்பாடு உண்டு. தனிச்சபை பாஸ்டருக்கு எதுவும் கிடையாது. ஆகவே ஓய்வுக்கு ஐந்து வருஷம் முன்பே சபை ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். 60 குடும்பம், மாதம் குடும்பத்துக்கு 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 72,000. ஐந்து வருஷத்தில் 3,60,000. ஆனால் நம் மாவட்டங்களில் மாதாமாதம் என்று கேட்டால் மூன்றாம் மாதமே நின்றுவிடும், ஏனென்றால் பாதிப் பேருக்கு மாதச் சம்பளம் இல்லை. மாந்தோப்புக்காரர்களிடம் மே, ஜூனில் வருஷத்துக்கு ஒரே தவணையாக வாங்குங்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும்போது வாங்குங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் சபைகள் அந்த ஏலப் பணத்தை அப்படியே இந்தக் கணக்கில் போடலாம். இந்தக் கணக்கைக் கட்டட நிதியோடு கலக்கவே கூடாது. கலந்தால் கூரைக்கும் ஸ்பீக்கருக்கும் போய்விடும்.

ஐயாவுக்கு 60 ஆனதும் அந்தத் தொகையைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2023 ஏப்ரலில் அமலான 8.2 சதவீத வட்டிப்படி 3 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும். இந்தக் கணக்கைச் சபையின் டிரஸ்ட் பெயரில் திறக்க முடியாது. பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் கூட்டாகத் திறக்க வேண்டும். இதில் பல சபைகள் சறுக்குகின்றன: ஐயா பெயரில் மட்டும் போட்டு, நாமினி எழுதாமல் விட்டு, அவர் காலமான பிறகு அம்மா வாரிசுச் சான்றுக்கு அலைகிறார். இன்னொன்று, பெரும்பாலும் பாஸ்டரே டிரஸ்டியாகவும் இருப்பார். டிரஸ்டிலிருந்து அவருக்கே பணம் போவதால் வரிச் சிக்கல் வரலாம். கமிட்டித் தீர்மானம் எழுதி, காசோலையாகக் கொடுத்து, முன்கூட்டியே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது மருத்துவம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம். தெற்கேயிருந்து ஊழியத்துக்கு வந்தவர்களுக்கு ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊர் முகவரியிலேயே கிடக்கும், வருமானச் சான்று இங்கே கிடைக்காது. முகவரி மாற்றத்தை இ-சேவை மையத்தில் முதலில் முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். இதை ஓர் இளைஞன் பொறுப்பெடுத்தால் முடிந்துவிடும், ஐயாவையே வரிசையில் நிற்கவைக்காதீர்கள். உபதேசியார்களுக்கும் (போதகருக்கு உதவியாக இருந்து சபையில் போதிக்கிறவர்கள்) தேவாலயப் பணியாளர்களுக்கும் அரசு நலவாரியம் இருக்கிறது. மாவட்ட சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். இப்போது உதவி ஊழியராக இருக்கும் தம்பிகள் 40 வயதுக்குள் மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரட்டும். 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய், 60க்குப் பிறகு மாதம் 5,000. தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரின் நிலை தங்களுக்கும் வராமல் இருக்கும்.

இனி அந்தத் தோற்சுருள்கள். ஐயாவின் பிரசங்க நோட்டுகள், டைரிகள், ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் பெரும்பாலும் பீரோவுக்கு மேலே கரையான் அரித்துக்கொண்டு இருக்கும். ஃபோனில் ஸ்கேன் செய்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு கண்டிப்பு: ஆலோசனைக்கு வந்தவர்களின் குடும்ப ரகசியங்கள் உள்ள டைரிகளை ஸ்கேன் செய்யாமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அவர் நாற்பது வருஷம் காத்த வாயை நாம் திறந்துவிடக் கூடாது.

அவர் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும். காலை வேளையில், நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகாமல், ஃபேனை நிறுத்தி, ஃபோனை ஃப்ளைட் மோடில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். "சாட்சி சொல்லுங்க ஐயா" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். பழைய ஃபோட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த ஷெட்டுக்கு இடம் கொடுத்தது யாரு? முதல் அடக்கத்துக்கு இடம் கிடைக்காம என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். இளம் ஊழியருக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம்விட அவருக்கு வலிப்பது ஒன்று உண்டு. அவரிடமே கற்று, அவருடைய விசுவாசிகளையே பத்துக் குடும்பம் கூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளிப் புதுச்சபை ஆரம்பிப்பது. தனியாகப் போவது தவறில்லை, ஆனால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஆராதனையில் அவர் கை வைத்து ஜெபித்து அனுப்பட்டும். சபை இல்லாத ஊருக்குப் போங்கள், அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமங்கள் இல்லையா? அவர் சபையிலிருந்து தேடி வருகிறவர்களை அவருடைய கடிதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். திருமணம் நடத்தும் உரிமமும் ஆளுக்கு ஆள் தனி. அவருடைய உரிமத்தை வைத்து நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

கூட்டமும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுகிறவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு நான்கு நிமிஷம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் தெலுங்கு, கன்னடம் பேசும் விசுவாசிகள் தங்கள் மொழியிலேயே சொல்லட்டும். ஒரே ஒரு சால்வை, சபை முழுவதன் பெயரில். வைப்புத்தொகைப் பாஸ்புக்கை ஐயாவும் அம்மாவும் சேர்ந்து வாங்கட்டும். அம்மாவை மேடைக்கு அழைக்கும்போது "பாஸ்டரம்மா" என்று மட்டும் சொல்லாமல், அவருடைய பெயரைச் சொல்லி, அவர் நடத்திய ஞாயிறு பள்ளியையும் சேர்த்துச் சொல்லி அழையுங்கள்.