டைனமோவில் கேட்ட மெட்டு
இளையராஜா பாடல்களின் பலம் வாத்தியச் சேர்ப்புத்தான், அதைக் கழற்றிவிட்டால் மெட்டு தனியாக நிற்காது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் போரால் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைக் கையால் சுற்ற, சில்லோடு சுற்றி மின்சாரம் தரும் டைனமோவில் கசெற் பாடும். வயலின் கூட்டமெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் எங்கே கேட்டது? அண்ணாவின் கை ஓய்ந்தால் கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலே இழுபட்டுப் பூதம் பாடுவது போலாகிவிடும். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் அவர் பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடமானது அப்படித்தான். அது ரீதிகௌளை என்ற கர்நாடக ராகம் என்பது எனக்கே பிறகுதான் தெரியும். கிணற்றடியில் அதை முணுமுணுத்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சிக்கலான மெட்டு சாதாரண வாயில் நிற்குமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். ‘சிந்து பைரவி’ படத்தின் ‘கலைவாணியே’ ஆரோகணத்தை, அதாவது ராகத்தின் ஏறும் சுர வரிசையை மட்டுமே வைத்துக் கட்டியது. அதைக் கோயில் திருவிழாவில் நடுச்சாமம் தாண்டி ஒற்றை நாதஸ்வரத்தில் வாசிக்கும்போது கேட்டுப்பாருங்கள், நித்திரை தூங்கிய சனம்கூட நிமிர்ந்து உட்காரும். பல வருடம் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் பழைய பாடல்களின் அடியில் ஓடிய பேஸ் கிற்றார் பிடிபட்டது. சரி, அது வேறு சந்தோஷம்.