விடியலுக்கு முன் வரும் காற்று

சென்ற வாரம் என் அக்கா மகன் தானே எடுத்த காணொலி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். மலேசியாவின் பினாங்குத் தீவில், கெர்னி டிரைவ் கடற்சுவரின் மேல் நின்றுகொண்டு, கடலின் மேல் கறுத்துத் திரண்ட மேகமும் அதன் அடியில் வெள்ளைத் திரையாக நெருங்கி வரும் மழையும் தன் மேல் வந்து மோதும் வரை அவன் நகராமல் படம் பிடித்திருக்கிறான். அமெரிக்காவில் புயல் துரத்துவோரைப் போலத் தானும் ஒருநாள் ஆக வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருந்தான். அன்றிரவு அவனுக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பினாங்கில் பல வீடுகளில் இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் கைப்பேசியும் கண்முன் கடலும் அவர்களுக்கும் இருக்கின்றன.

புயலைப் பார்க்க வேண்டும் என்ற அவனுடைய ஆவலை நான் குறை சொல்லவில்லை. அவன் வியந்து பார்க்கும் மனிதர்களை நானும் மதிக்கிறேன். அவர்களில் டிம் சமராஸ் என்ற பொறியாளர் சுழற்காற்றின் பாதையில் தரையோடு தரையாக அளவுக் கருவிகளை வைத்துவிட்டு விலகிவிடுவார். 2003 ஜூன் 24 அன்று தென் டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரில் அவர் வைத்த கருவி, சுழற்காற்று தன்னைக் கடந்த சில நொடிகளில் காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது. அத்தகைய அனுபவசாலி, 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரினோ அருகே, தம் மகன் பாலுடனும் சக ஆய்வாளர் கார்ல் யங்குடனும் உயிரிழந்தார். அன்றைய சுழற்காற்று 4 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்துக்கு விரிந்து, சட்டென்று திசை மாறி, அவர்கள் சென்ற காரை எட்டிவிட்டது. ஒரு துரத்தலில் படம் பிடிக்கும் நேரம் மிகச் சிறியது. காலையிலிருந்து வரைபடங்களைப் படிப்பதும், ராடாரைப் பார்ப்பதும், தப்பிக்கும் சாலையை முன்னதாகவே முடிவு செய்வதும்தான் அந்த வேலையின் பெரும்பகுதி. இத்தனையும் செய்தவர்களையே புயல் கொண்டுபோயிருக்கிறது என்பதை என் அக்கா மகன் அறிய வேண்டும்.

அந்த நிலமும் நம் நிலமும் ஒன்றல்ல. ஓக்லஹோமாவில் தரை சமமானது. சாலைகள் சதுரங்கக் கட்டங்களைப் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டு. மாலை வெளிச்சத்தில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே புயலின் முழு உருவத்தையும் காண முடியும். நம் தீவின் வடகரையில் உள்ள பத்து பெரிங்கி சாலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், இடையில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைச் சாலை, அதில் விடுமுறை நாள் நெரிசல். ஒரு மரம் சாய்ந்தால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது.

நம்முடைய கடுங்காற்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் வருவதுமில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களில், சுமத்ரா பக்கமோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் திரளும் இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாக இணைந்து கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்னும் காலையிலும் நம் மேற்குக் கரையை அடைகின்றன. வானிலை ஆய்வாளர்கள் இவற்றைச் சுமத்ராக் காற்று என்றே அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் நாம் உறங்கிக்கொண்டிருப்போம், அல்லது பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம். நாம் துரத்திப் போக வேண்டியதில்லை. அது நம் வீட்டு வாசலுக்கே வருகிறது.

பகலில் வந்தாலும் அவகாசம் கிடைக்காது. 2019 ஏப்ரல் 1 அன்று, பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் கடலில் எழுந்த நீர்ச்சுழல், அதாவது கடல்மேல் தோன்றும் சுழற்காற்று, கரையேறிச் சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 50 கட்டடங்களைச் சேதப்படுத்தியது. அதன் படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழகைத்தான் பேசினார்கள். எனக்கோ, படம் எடுத்தவர்கள் எந்தக் கதவுக்குப் பின்னால் ஓடியிருப்பார்கள் என்பதே நினைவில் நின்றது. கடல்மேல் நீர்ச்சுழலைப் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடிச் சன்னல்களை விட்டு விலகி, கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிற்பகலில் தொடங்கிய மழையும் காற்றும் இரவு முழுவதும் ஓயவில்லை. அம்மா அப்போது சுங்கை பினாங்கு ஆற்றுக்கு அருகில் ஒரு தரை வீட்டில் இருந்தார். நள்ளிரவு தாண்டி அவர் என்னை அழைத்து, "கட்டிலுக்கடியில் செருப்பு மிதக்குதும்மா" என்றார். நான் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங்கில் இருந்தேன். மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டிருந்தது. அதிகாலை 3 மணியளவில் மாநில முதலமைச்சர் இராணுவத்தின் உதவியைக் கேட்டார் என்பதை மறுநாள்தான் செய்தியில் படித்தேன். அந்த நேரத்தில் எதிர் மாடியில் இருந்த, மலாயில் நாங்கள் 'மக்சிக்' என்று அழைக்கும் அம்மையாரும் அவருடைய இரு மகன்களும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அம்மாவின் இன்சுலின் குளிர்பெட்டியோடு நீரில் கிடந்தது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் ஊறிப்போயிருந்தன. பினாங்கில் அந்தப் புயலிலும் வெள்ளத்திலும் 7 பேர் மாண்டார்கள். என் அம்மா உயிரோடு இருப்பதற்குக் காரணம் நான் அல்ல. மாடியில் ஓர் அண்டை வீடு இருந்ததும் அவர்கள் கதவைத் திறந்ததும்தான்.

நீரிணைக்குள் புயல் வராது என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டிய காலம் இது. 2001 டிசம்பரில் வமேய் புயல், பூமத்திய ரேகைக்கு மிக அருகில், சிங்கப்பூரை ஒட்டிய கடலில் உருவாகி ஜொகூரில் கரைகடந்தபோதே பலர் திகைத்தார்கள். 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, வட சுமத்ராவைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, கிழக்கே திரும்பி மலேசியத் தீபகற்பத்திலும் கரையேறியது.

எனக்கு நெடுநாளாக உறுத்துவது மொழி. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை தருகிறது. மலாயில் வஸ்பாடா, பூரோக், பஹாயா. இடிமழைக்கான எச்சரிக்கை தனி. அது சில மணி நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். அத்துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியிலும் இவை கிடைக்கின்றன. ஆனால் அவை மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் அம்மாவைப் போன்றவர்களை அவை எட்டுவதில்லை. அவர்களை எட்டுவது புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் தேதியில்லாத வதந்திகளே. ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுக்களும் அந்த எச்சரிக்கையை மூன்று வரித் தமிழில், நேரத்தையும் இடத்தையும் குறிப்பிட்டு அனுப்பத் தொடங்கினால், அது எந்த அன்னதானத்துக்கும் குறைந்த தொண்டாகாது. பிள்ளைகளுக்குப் புயலின் மேல் ஆர்வம் இருந்தால் அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள்.

அக்கா மகனுக்கு நான் கற்றுக்கொடுத்தவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். நீர் நிற்கிறதா ஓடுகிறதா என்பதை இரவில், கார் விளக்கு வெளிச்சத்தில், யாராலும் சரியாகக் கணிக்க முடியாது.

என் பதிலைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் நான் என்ன செய்வது, சின்னம்மா?" என்று கேட்டான். பாட்டி வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆவணங்களின் நகல்களை நெகிழிப் பையிலிட்டு மேல்தட்டில் வைத்திருக்கிறான். மெயின் சுவிட்சை எப்போது அணைக்க வேண்டும் என்பதையும், அருகிலுள்ள தற்காலிக நிவாரண மையம் எந்தப் பள்ளி என்பதையும் தமிழில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறான். கைவிளக்கு வாங்கியாகிவிட்டது. இன்சுலினைக் குளிர்ச்சியாக எடுத்துச் செல்லும் சிறு பெட்டி மட்டும் இன்னும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டணத்துக்குப் போகிறோம்.