62 வயசுல ஆண்டவர் கூப்பிடக்கூடாதா, அண்ணாச்சி?

ஞாயித்துக்கிழமை நம்ம கோயில் ஆராதனையில, சாட்சி சொல்ற நேரத்துல நடந்ததை இங்க இருக்கிற பாதிப் பேர் நேர்ல பாத்தீங்க, மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்ல வந்திருக்கும். 62 வயசு ரிட்டயர்டு டீச்சர் அக்கா, "ஆஸ்பத்திரியில நோயாளிகளைப் பாத்து ஜெபிக்கிற ஊழியத்துக்கு ஆண்டவர் கூப்பிடுறார்"னு சொல்லி முடிக்கல, அதுக்குள்ள நம்ம சபைக் கமிட்டி அண்ணாச்சி மைக்லயே, "இந்த வயசுல பேரப்பிள்ளை பாக்கத்தாம்மா கூப்பிடுவாங்க"ன்னார். அவர் சொன்னதைக்கூட விடுங்க. சபையே சிரிச்சுதே.

62 வயசுல அழைப்பு வரும். பைபிள்லயே பாருங்க, ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பினப்ப 75. பார்வோன் முன்னால போய் நின்னப்ப மோசேக்கு 80, ஆரோனுக்கு 83. மலைநாட்டை எனக்குக் குடுன்னு காலேப் கேட்டப்ப 85. இதுக்கெல்லாம் ஆமென் போட்ட வாய்தான் அன்னிக்குச் சிரிச்சுது.

"அது பழைய ஏற்பாட்டுக் காலம்"னு கமென்ட் வரும். சரி, நம்ம காலத்துக்கே வரேன். 1947ல மதுரை-இராமநாதபுரம் பேராயரான (பிஷப்) இங்கிலாந்து மிஷனரி லெஸ்லி நியூபிகினுக்கு அப்ப 37 வயசு. பின்னால மெட்ராஸ் பேராயரா இருந்து 1974ல ஓய்வு பெற்றார். மனைவியும் அவருமா பஸ் மாறி மாறி, தரை வழியாவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க. 1980ல, 70 வயசுல, பர்மிங்காம்ல ஜெயிலுக்கு எதிர்ல இருந்த சின்ன சபையை மூடிடலாம்னு பேச்சு வந்தப்ப, நான் பாத்துக்கிறேன்னு ஏத்துக்கிட்டார். பேரப்பிள்ளையப் பாருங்கன்னு அவர்கிட்ட யாரும் மைக்ல சொன்னதாத் தெரியல.

டி.சி. (திருமண்டல கவுன்சில்) எலெக்‌ஷன்ல நிக்கிறப்ப மட்டும் யாரும் வயசு கேக்கிறதில்லையே? ஓட்டுக்கு வாசல் வாசலா ஏறுற முழங்கால், வார்டு மாடி ஏறாதாமா?

"உணர்ச்சிவசப்பட்டு இறங்கி, மூணே மாசத்துல நிறுத்திடுவாங்க"ன்னு இன்னொரு பேச்சு. இதுல நியாயம் இருக்கு. நிறுத்தத்தான் செய்றாங்க. ஏன்னா தப்பான இடத்துல ஆரம்பிக்கிறாங்க. கிராஜுவிட்டி கைக்கு வந்த வாரமே ட்ரஸ்ட், லெட்டர்ஹெட், வாடகைக்கு ஹால். முதல் ஒரு வருஷம் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. பஸ் காசு போதும். முதல்ல வீட்ல பேசணும், அப்புறம் சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட. வாரத்துல 2 நாள், நாளைக்கு 2 மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். ஏழு நாளும் ஓடுறவங்கதான் சுகர் ஏறிப் படுத்துடுறாங்க.

வார்டுக்குப் போற முறையும் இருக்கு. வார்டு சிஸ்டர்கிட்ட அனுமதி கேக்காம உள்ள போகாதீங்க. பார்வை நேரத்துல, ரெண்டு பேராப் போங்க. இருமல் இருந்தா அன்னிக்கு வீட்லயே இருங்க. கட்டில்ல உக்காராதீங்க, ஸ்டூல் போதும். ஒரு ஆளுக்கு 10 நிமிஷம், அதுல 8 நிமிஷம் அவர் பேசட்டும். "ஜெபிக்கட்டுமா?"னு கேளுங்க, வேண்டாம்னா சிரிச்சுட்டு எந்திரிச்சிடுங்க. ஜெபம் ஒரு நிமிஷம், பக்கத்துப் படுக்கைக்குக் கேக்காத குரல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்றது, விசுவாசம் இருந்தா சுகம்னு சொல்றது, ரெண்டுமே கொடுமை. டீச்சர்மாருக்கு இன்னொரு ஆபத்து இருக்கு, அந்த வகுப்பறைக் குரல். நோயாளி எழுந்து நின்னு வணக்கம் சொல்லிடுவார்!

"அப்ப நீ கமிட்டிக்கு விரோதியா?"ம்பாங்க. ஆமான்னே வச்சுக்கோங்க. பைபிள்ல ஆலயத்தை விட்டு நீங்காம இருந்த 84 வயசு அன்னாள், நம்ம கோயில்ல இருந்திருந்தா எந்த பெஞ்ச்ல உக்கார வச்சிருப்போம்? காணிக்கைக் கவர்ல மட்டும் அக்கா பேர் வேணும். அவங்க வாயத் திறந்தா வயசு ஞாபகம் வந்துடுது.

இனிமே சாட்சி நேரமே கிடையாதுன்னு பேச்சு அடிபடுது. ஏன் அண்ணாச்சி, இன்னொரு ரிட்டயர்டு டீச்சர் எந்திரிச்சிடுவாங்கன்னா?