தடை போடுவது குழு அல்ல

சன்ஸ்கிரீனில் புற ஊதாக் கதிரைத் தடுக்கச் சேர்க்கும் ஹோமோசலேட்டை ‘அறிவியல் குழு தடை செய்தது’ என்கிறது ஒரு கட்டுரை. அது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு (எஸ்சிசிஎஸ்) கருத்து மட்டும்தான் சொல்லும். வரம்பை விதிப்பது ஐரோப்பிய ஆணையம்.

ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று குழு போடும் கணக்கு, உதாரணமாக, இப்படி: 60 கிலோ எடையுள்ளவர் நாளைக்கு 18 கிராம் சன்ஸ்கிரீன் பூசுகிறார். அதில் 10% அந்தப் பொருள், தோல் வழியே 5% உள்ளே போகிறது என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம். விலங்குச் சோதனையில் பாதிப்பு தெரியாத அளவு இதைப்போல் குறைந்தது 100 மடங்கு, அதாவது கிலோவுக்கு 150 மில்லிகிராம் இருக்க வேண்டும். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்கு 10. பெருக்கினால் அந்த 100.

பெரும்பாலும் சறுக்குவது தோல் உறிஞ்சல் ஆய்வில்தான். உருப்படியான ஆய்வு இல்லையென்றால் 50% என்றே வைத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன 1.5 உடனே 15 ஆகிவிடும்!

ஹோமோசலேட்டுக்கு 2021-இல் குழு சொன்னது: 10% பாதுகாப்பானதல்ல, 0.5% வரை சரி. பிறகு முகத்துக்கு மட்டும் என்று தனியாகக் கணக்கிட்டபோது 7.34% தேறியது, முகத்துக்குப் பூசும் அளவு மிகக் குறைவு அல்லவா? 2022-இல் ஆணையம் அதையே விதியாக்கியது.

குழுவின் வரைவுக் கருத்து வெளியானதும் யாரும் பதில் எழுதலாம். தயவுசெய்து பக்க எண், தரவு இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.