ப்ரீசீசன் காயம்: 25 பேர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சீசனே போச்சா?

"ப்ரீசீசனில் காயம்பட்டவர் 25 பேர் பட்டியலில் இல்லையென்றால் சீசன் முழுக்க ஆட முடியாது" என்று இங்கிலாந்தின் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (ப்ரீசீசன் என்பது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டக் காலம்; 25 பேர் பட்டியல் என்பது ஒவ்வொரு கிளப்பும் சீசனுக்காக லீக்கில் பதிவு செய்யும் வீரர் பட்டியல்.) தவறு. ஜனவரியில் கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் காலத்தில் பட்டியலை மாற்றி அவரைச் சேர்க்கலாம்.

பலரும் கவனிக்காதது இன்னொன்று: 21 வயதுக்குட்பட்டோர் பிரிவினருக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை. 2024 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்சனலுடன் ஆடியபோது மான்செஸ்டர் யுனைடெட்டின் லெனி யோரோ பாதத்திலும், ஹோய்லுண்ட் தொடைத்தசையிலும் காயம்பட்டு வெளியேறினார்கள். அந்த சீசனில் இந்தப் பிரிவுக்கான பிறந்த தேதி வரம்பு 2003 ஜனவரி 1; இருவருமே அதற்குப் பின் பிறந்தவர்கள். அதனால் அவர்கள் காயம் அந்த 25 இடங்களைத் தொடவே இல்லை. யோரோ டிசம்பரில் களமிறங்கியும் விட்டார்.

டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்ததும் லீக்கின் இணையதளத்தில் பட்டியல் வெளியாகும், அங்கேயே சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.